வதிவும் குடியும்

நிரந்தர வதிவு என்னும் தொடர் இக்காலத்தில் எம்மவரிடையே பெருவழக்காகிவிட்டது. கடல் கடந்து சென்ற மகனுக்குக் கனடாவில் அது கிடைத்துவிட்டதென்று ஒரு தந்தை உரைக்குங்கால் அவர் குரலில் எழும் ஆறுதலைக் கேளாத வீதி யாழ்ப்பாணத்தில் இல்லையென்றே கூறலாம். சட்ட நூலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆக்கித்தந்த இத்தொடரை எடுத்தாளுவோர் அதன் உறுப்புகளைப் பிரித்து நோக்குவதில்லை. வதிதல் என்பது தங்குதல். துயிலுதல் என்பதும் அதன் பொருளே. இரவில் அச்சமின்றித் தலைசாய்க்க ஓரிடம் வாய்த்தலே வதிவு என்று கொண்டால் அது பிழையாகாது.

குடி என்னும் சொல்லோ இதனினும் விரிந்தது. வீடு, குடும்பம், குலம், ஊர், அரசனால் ஆளப்படுவோர் ஆகிய இத்தனையும் அவ்வொரு சொல்லினுள் அடங்கும். குடிப்பிறத்தலும் குடியிருத்தலும் ஒரே வேரிற் கிளைத்தவை. பிறப்பையும் இருப்பையும் வேறுபடுத்தாமல் ஒருங்கே தாங்கி நிற்பது அச்சொல்லின் சிறப்பு. இலங்கையிலே நெடுங்காலம் வழங்கிவந்த பிரசாவுரிமை என்னும் தொடரிலுள்ள பிரசை என்னும் வடசொல்லுக்கோ மக்கட்பேறு என்பதே முதற்பொருள். ஆளப்படுவோர் என்பது அதிலிருந்து விரிந்த பொருள். இத்தகைய சொல்லாராய்ச்சி பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நகைப்பாரும் உளர். நகைக்கட்டும். 1948ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சட்டம் பிறப்புக்கும் இருப்புக்கும் இடையே ஒரு கோடு கிழித்தது; அக்கோட்டினால் இலட்சக்கணக்கானோர் தாம் வதிந்த மண்ணிலேயே நாடற்றவராயினர். சொல்லின் இரு பொருள்களைப் பிரித்தமையால் விளைந்தது அது.

கனடாவின் முறையை முதலில் சுருக்கமாக நோக்குவோம். நிரந்தர வதிவு பெற்றவர் அந்நாட்டின் எப்பகுதியிலும் வாழலாம், தொழில் செய்யலாம், கல்வி கற்கலாம், மருத்துவக் காப்புறுதியைப் பெறலாம். வாக்களித்தல் இயலாது, அந்நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. 5 ஆண்டுகளில் 730 நாள்களேனும் அங்கு தங்குதல் அந்த வதிவைக் காத்துக்கொள்ளும் விதி. குடியுரிமைக்கோ, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாள்கள் அங்கிருத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டின் திருத்தத்தால் அமைந்த கணக்கு இது. 18 முதல் 54 வயது வரையினர் மொழியறிவையும் நாட்டறிவையும் காட்டுதல் வேண்டும். அங்கே பிறக்கும் அவர்தம் குழந்தைக்கோ இக்கணக்கு எதுவும் இல்லை. பிறந்த பொழுதே அது குடி. ஏறவேண்டிய படிகள் எத்தனை என்பது ஏறுவோனுக்கு முன்னரே தெரியும். எந்நாளில் ஏறத் தொடங்கினாலும் படிகளின் தொகை ஒன்றே.

எம்முடைய மாணவர்க்கு இக்கணக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் நிரந்தர வதிவு, அதனால் வரும் பயன், அதிலிருந்து குடியுரிமைக்குச் செல்லும் வழி என்னும் இவை அனைத்தும் இத்தீவின் மலைநாட்டிலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பட்டபாட்டை அவருட் பலர் அறியார். அவர்க்குக் கற்பிப்போரும் அதனை விரித்துரைப்பதில்லை.

மலைநாட்டுத் தமிழரின் வதிவு நிரந்தரமானதற்குப் பயிரே காரணம் என்பதை முதலில் உணர்தல் வேண்டும். 1820களில் கம்பளைப் பகுதியிலே கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. கோப்பிப் பழம் பறிப்பதற்குப் பருவம் உண்டு. ஆதலின் தென்னிந்தியத் தொழிலாளர் பறிப்புக் காலத்தில் வந்து, காலம் முடியத் தம் ஊருக்கு மீண்டனர். 1869ஆம் ஆண்டு முதல் கோப்பி இலைநோயால் அழியலாயிற்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை மலைகளை மூடியது. தேயிலைக் கொழுந்துக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கிள்ளவேண்டும். கிள்ளும் விரல்களும் ஆண்டு முழுவதும் வேண்டப்பட்டன. குடும்பம் குடும்பமாக வந்தோர் லயன் அறைகளிலே தங்கினர். அங்கேயே பிள்ளைகள் பிறந்தனர். அங்கேயே முதியோர் மண்ணிற் புதைந்தனர். கண்டிச்சீமைக்குப் போதல் என்று தமிழகத்திற் சொல்லப்பட்ட பயணம் இவ்வாறு திரும்பாப் பயணமாயிற்று. ஆயினும் வதிவு வேறு, வதிவுக்கான அத்தாட்சி வேறு என்பதை அம்மக்களுக்குக் காலம் பின்னர்க் கற்பித்தது.

1931இல் தொனமூர்ச் சீர்திருத்தத்தின்வழி 21 வயது நிறைந்த ஆடவர், பெண்டிர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்ததென்று பாடநூல்கள் மகிழ்ந்துரைக்கும். இந்தியத் தொழிலாளர் திறத்தில் அவ்வுரிமைக்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன என்பது அத்துணைத் தெளிவாக உரைக்கப்படுவதில்லை. இத்தீவைத் தம் நிலையான வாழ்விடமாகக் கொண்டோர் என்று காட்டுதல் ஒரு வழி. கல்வியும் வருவாயும் காட்டுதல் மற்றொன்று. மூன்றாவது வழிக்கு நிரந்தரக் குடியமர்வுச் சான்றிதழ் என்று பெயர். 5 ஆண்டுகள் இங்கு வதிந்தமையைக் காட்டி, இனி இங்கேயே நிலைப்பேன் என்று உறுதிகூறி, பிறிதோர் அரசின் சிறப்புப் பாதுகாப்பை வேண்டேன் என்றும் கைவிட்டால் அச்சான்றிதழ் கிடைக்கும்.

இக்கடைசி நிபந்தனையைக் கூர்ந்து நோக்குக. அக்காலத்தே இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்து தொழிலாளர் நலனைக் கண்காணித்து வந்தார். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளர் பொருட்டே எழுந்தது. தோட்டத் துரையின் சொல்லே வேதமாயிருந்த இடத்தில், மிதிபட்டவன் முறையிடுதற்கு இருந்த வாயில்கள் இவை. ஒரு வாக்குச்சீட்டின் பொருட்டு அவ்வாயிலை அடைத்துக்கொள்ள யார் துணிவர்? பலர் தயங்கினர். அத்தயக்கமே பிற்காலத்தில் அவர்மேற் குற்றமாகச் சாட்டப்பட்டது. இந்நாட்டிலே அவர்க்கு நிலையான பற்று இல்லை, இந்தியாவையே நோக்கியிருப்போர் அவர் என்னும் வாதத்துக்கு இஃது ஒரு சான்றாயிற்று. புகலிடத்தைப் பறித்துக்கொண்டு பற்றுடைமையைக் காட்டுக என்று கேட்கும் நீதி விந்தையானது.

சுதந்திரம் வந்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கு பிறந்த ஒருவர் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். இவர் வம்சாவழிப் பிரசை. அச்சட்டம் வந்தபின் பிறக்கும் குழந்தையும் தந்தை பிரசையாயிருந்தாலன்றிப் பிரசையாகாது. பிறப்புப் பதிவுகள் சீராக வைக்கப்படாத காலத்துப் பூட்டனுக்கு அத்தாட்சி எங்கே தேடுவது? ஊர்களில் வாழ்ந்த எம்மவரை அவ்வாறு ஒருவரும் கேட்கவில்லை. மலையில் வாழ்ந்தவரையே கேட்டனர். ஹட்டனிற் பிறந்த குழந்தை வேறெந்த மண்ணையும் கண்டதில்லை. எனினும் தந்தையின் ஏடு இல்லாவிடில் அக்குழந்தைக்கு நாடு இல்லை.

வதிவைக் காரணமாகக் கொண்டு குடியுரிமை பெறும் வழி அடுத்த ஆண்டிற் பிறந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். வதிவோர் என்னும் சொல் அதன் தலைப்பிலேயே நின்றது. விவாகமானவர் 1946 சனவரி 1ஆந் தேதிக்கு முன் 7 ஆண்டுகள், அஃதாவது 1939 சனவரி முதல், இடையறாது இங்கு வதிந்திருத்தல் வேண்டும். விவாகமாகாதோர்க்கும் துணையிழந்தோர்க்கும் 10 ஆண்டுகள். அதன்பின் விண்ணப்ப நாள் வரையும் அவ்வதிவு தொடர்தல் வேண்டும். போதிய வருவாய் வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் ஒருமுறை வெளியே தங்கியிருந்தால் வதிவு அறுந்தது. கனடாவிற் போல எந்நாளிலும் தொடங்கத்தக்க படிகள் அல்ல இவை. கணக்குத் தொடங்கவேண்டிய நாள் சட்டம் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்னரே கடந்துபோயிற்று. விண்ணப்பிக்கத் தரப்பட்ட காலமோ 2 ஆண்டுகள்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. விண்ணப்பிக்கும் ஆடவனின் மனைவி, மணம் நிகழ்ந்து ஓராண்டு நிறையுமுன் தொடங்கி இடையறாது இங்கு வதிந்திருத்தல் வேண்டும் என்றது சட்டம். சிறு பிள்ளைகளுக்கும் அவ்வாறே விதி. தாய்வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லுதல் தமிழர் வழக்கம். ஆடிக்குச் செல்லுதல், குலதெய்வத்துக்கு முடியிறக்கச் செல்லுதல், தந்தை இறந்தாற் செல்லுதல் ஆகிய இவையும் வழக்கமே. திருச்சிப் பக்கத்து ஊருக்கு அவ்வாறு சென்ற பெண் நோயுற்றோ கைப்பொருள் இன்றியோ ஓராண்டு கடந்து மீண்டாளாயின், கணவன் மலையில் ஒருநாளும் தவறாமல் பெரட்டுக்கு நின்றிருந்தாலும் அவன் வதிவு பழுதுபட்டது. உறவைப் பேணிய குற்றத்துக்கு உரிமை பறிபோயிற்று எனலாம்.

இனி, வதிந்தமையை மெய்ப்பித்தல். லயன் அறைக்குத் தொழிலாளி வாடகைச்சீட்டுப் பெற்றதில்லை. நிலவுறுதி அவனுக்கு இல்லை. வரி செலுத்திய பற்றுச்சீட்டும் இல்லை. அவன் வதிவுக்குச் சாட்சி கூறவல்லவை தோட்டத்துச் செக்ரோல் ஏடும், பங்கீட்டு அரிசிப் புத்தகமும், பிள்ளை படித்த பாடசாலையின் சேர்வு இடாப்புமே. அவற்றைத் தம் வசம் வைத்திருந்தோர் பிறர். அவற்றிலே பெயர் எழுதியோரும் பிறர். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திற் காதுக்குப் பட்டவாறு எழுதும் எழுதுவினைஞர் கையிலே, கறுப்பாயி ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மறு ஏட்டில் வேறுவிதமாகவும் நிற்பாள். ரகர றகர வேறுபாட்டையும் குறில் நெடிலையும் பிழையற எழுதுதல் தேர்வுத்தாளில் மதிப்பெண் பெறுதற்கு என்றே மாணவர் எண்ணுகின்றனர். இரண்டு ஏடுகளில் இரண்டு பெயராய் நின்றவர், ஒருவரே என்று நிறுவ இயலாமல் உரிமை இழக்கக்கூடும் என்பதை யான் வகுப்பில் எடுத்துச் சொல்வதுண்டு.

இலங்கை இந்தியக் காங்கிரசு முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னர் நிலைமை உணர்ந்து, விண்ணப்பிக்குமாறு மக்களைத் தூண்டியது. முடிவுநாளாகிய 1951 ஆகஸ்ட் 5க்குள் 2 இலட்சத்து 37 ஆயிரம் அளவிலான விண்ணப்பங்கள் குவிந்தன. அவை 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குறித்தவை. இந்நாட்டில் நிலைக்கும் விருப்பம் அவர்க்கு இல்லை என்ற வாதத்துக்கு அத்தொகையே விடை. எனினும் ஆண்டுகள் பல ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளப்பட்டோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. ஏற்கப்பட்டோரும் பதிவுப் பிரசைகள் எனத் தனியே குறிக்கப்பட்டனர். வம்சாவழி, பதிவு என்னும் வேறுபாட்டை நீக்கிக் குடியுரிமை ஒன்றே என்று 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு உரைக்கும் வரை அவ்வடு நீங்கவில்லை.

குடியுரிமை இன்மையால் இழந்தவை எவை? அரச உத்தியோகம் இல்லை, அரச காணியிற் குடியேறும் வாய்ப்பு இல்லை, கடவுச்சீட்டு இல்லை. யாவற்றினும் பெரிய இழப்பு வாக்கு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் புகுந்தனர். தலவாக்கலைத் தொகுதியினின்று சென்ற கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை அவருள் ஒருவர். 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரசையல்லாதார் பெயர்கள் வாக்காளர் இடாப்பினின்று நீக்கப்பட்டன. 1952இல் அவர் சார்பிற் பாராளுமன்றஞ் சென்றோர் ஒருவரும் இலர். வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. ஒரு நாட்டின் சட்டசபை தன் குடிகள் யாவரென வரையறுத்தல் இயல்பே என்று கூறி 1953இல் அக்கழகம் தள்ளிவிட்டது.

வடபுலத்துத் தமிழர் இதன்கண் எவ்வாறு நடந்தனர் என்பதையும் மறைத்தல் தகாது. 1949ஆம் ஆண்டு மசோதாவுக்கு, அமைச்சரவையிலிருந்த தமிழ்க் காங்கிரசுத் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆதரவளித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து அவ்வாண்டு டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். இன்று மலையக மக்களின் உரிமை இழக்கப்பட்டது, நாளை நம்முடையதும் இழக்கப்படும் என்பது அவர் கருத்து. கருத்து மெய்யாயிற்று. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கற்றோரிற் பெரும்பாலோர் அம்மக்களைத் தோட்டக்காட்டான் என்று வழங்கியதை அதன் பின்னரும் விடவில்லை என்பது எம் வரலாற்றின் ஓர் இழிந்த பக்கம்.

1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் என மதிப்பிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் என்று பகுத்தனர். அவ்வெஞ்சியோரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரை ஒருவரும் கேட்கவில்லை. இங்கே 4 பேர் குடிகளாவதற்கு அங்கே 7 பேர் குடிகளாகவேண்டும் என்னும் விகிதம் அமைந்தது. ஆள் விருப்பமும் இல்லை, வதிவும் இல்லை. எண் ஒன்றே அளவுகோல். தலைமன்னாரிற் கப்பலேறியோர் மண்டபம் முகாமில் இறங்கினர். சிலர் நீலகிரியில் இவர்க்கெனத் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தனர். அங்கே அவருக்குச் சிலோன்காரர் என்று பெயர்.

1984இல் கலவரத்தின் விளைவாகக் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கை மலையிலே தங்கிவிட்டோர் பலர். 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்து நாடற்றோரின் தொகையைக் குறைத்தன; முற்றாகத் தீர்க்கவில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தை மாணவர் தேடிப் படித்தல் வேண்டும். அது மிகச் சிறியது. இந்திய வம்சாவழியினர் ஒருவர் 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிபவராயின், அல்லது அவ்வாறு வதிந்தவரின் வழித்தோன்றலாக இங்கு வதிபவராயின், அவர் இலங்கைக் குடியாவார். பூட்டன் எங்கு பிறந்தான் என்ற வினா இல்லை. மனைவி தாய்வீட்டில் எத்தனை மாதம் தங்கினாள் என்ற வினா இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் ஒரு பிரகடனத்தால் இலங்கைக் குடிகளாகலாம். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகமும் தொழிற்சங்கங்களும் துணைநிற்க, சில நாள்களுள்ளே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம் பத்திரங்களைப் பெற்றனர். 1948இற் பிரிக்கப்பட்ட வதிவும் குடியும் 55 ஆண்டுகளின் பின் ஒரே வாக்கியத்தில் வந்து பொருந்தின. 2008இல் இலங்கை வாழ் சீன வம்சாவழியினர்க்கும் இத்தகைய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. போரினால் இந்தியாவுக்குப் புகலிடந் தேடிப்போன மலையகத்தார்க்கு இடமளித்து 2009இல் ஒரு திருத்தம் வந்தது. ஆயினும் அவருட் பலர் தமிழக முகாம்களிலேயே பிள்ளைகளும் பேரர்களுமாய் வாழ்கின்றனர். இந்தியா 2019இற் செய்த குடியுரிமைத் திருத்தம் இலங்கையரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஸி. வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு வீடற்றவன் என்று பெயரிட்டார். நாடற்றவன் என்று அவர் பெயரிட்டிருந்தால் ஒருவரும் வியந்திரார். காலத்தின் சொல் அதுவே. அவர் தேர்ந்த சொல் ஆழமானது. நாடு கிடைத்தது, வீடோ இன்றும் பலர்க்கு இல்லை. லயன் அறை தோட்டத்தினுடையது. நிலம் அரசினுடையது, 1992 முதல் கம்பனிகளின் முகாமையில் உள்ளது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி அச்சபைகள் தோட்டங்களுக்குள் செலவிட இருந்த தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே தளர்ந்தது. அதுவரை அச்சபைகளுக்கு வாக்களித்தோர் தம் லயன் வாசலுக்கு ஒரு பாதை கேட்டல் இயலாதிருந்தது. 7 பேர்ச் நிலமும் தனிவீடும் வழங்கும் திட்டம் தொடங்கியுள்ளது; பெற்றவர் சிலர், காத்திருப்போர் பலர்.

கனடாவுக்கு விண்ணப்பிக்கும் எம்மூர் இளைஞன் தன் வதிவிடத்தை நிறுவ வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் எழுதிவிடுகின்றான். 2023இல் தம் வருகையின் 200ஆம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த மக்களிற் பலர்க்கு எழுதத்தக்க வீட்டிலக்கம் இல்லை. அவர்க்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வருகின்றன. உறையின்மேல் ஆளின் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் இருக்கும். அங்கிருந்து யாரேனும் கொண்டுவந்து கொடுத்தாற் சேரும்.